போகணும், போயாச்சு, திரும்பணும்

பாப்பா அந்த மெயிலைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் ஒன்று மதியத்துக்குள் வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவள் கையெல்லாம் கிருமிநாசினி. கழுவிவிட்டு வந்து பதில் போடலாம் என்று பின்பக்கக் குழாய்க்குப் போனாள். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் மெயிலைக் காணோம்.

மேலே தேடினாள், கீழே தேடினாள். கடைசியில் அது ‘ரிப்பேர்’ என்ற ஃபோல்டருக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, இந்த மவுஸை யாராவது தொட்டீங்களா?” என்று வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவரைக் கேட்டாள்.

“நான் தொடுவேனா பாப்பாம்மா? என்னைப் பார்த்தாலே அது அணைஞ்சு போகும்.”

பாப்பா என்றால் சின்னப் பெண் இல்லை. ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். காதோரம் நரைத்து, கண்ணாடி போட்டு, முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிற வயதிலும் அவள் பாப்பாதான். கடைக்கு வருகிற புதியவர்கள் “பாப்பாகிட்ட கேளுங்க” என்று டிரைவர் சொல்வதைக் கேட்டுக் குனிந்து தேடுவார்கள்.

உடம்புக்கு முடியாதவர்களுக்கு வீட்டில் வேண்டியிருக்கும் சாமான்களை வாடகைக்குத் தருகிற கடை அது. கட்டில், காற்று மெத்தை, வீல்சேர், வாக்கர், ஆக்ஸிஜன் மெஷின். கீழே கடை, மேலே வீடு. கடைக்கு முதலாளி அவள் கணவர். மூன்றே பேர் வேலை பார்க்கிற இடத்துக்கு அந்தச் சொல் கொஞ்சம் தொளதொளவென்ற சட்டைதான். டிரைவர் கிண்டலாகக் கூப்பிடப்போய் அதுவே நிலைத்துவிட்டது. பாப்பாவும் கோபமாக இருக்கும்போது “என்ன முதலாளி” என்பாள், மற்ற நேரம் “என்னங்க”.

சாமான் விஷயத்தில் முதலாளிக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு. திரும்பி வருகிற கட்டிலைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது. ஆள் எழுந்து நடந்துவிட்டாரா, அல்லது எழுந்திருக்கவே இல்லையா, அது அந்த வீட்டின் விஷயம். நம் வேலை கட்டிலைக் கழுவி, சுழற்றுகிற கைப்பிடிக்குக் கிரீஸ் போட்டு, அடுத்தவருக்குத் தயாராக வைப்பது. அவ்வளவுதான்.

மெயில் பார்ப்பதும் அவர் வேலையாகத்தான் இருந்தது. போகணும், போயாச்சு, திரும்பணும், ரிப்பேர் என்று நான்கு ஃபோல்டர்கள் போட்டு வைத்திருந்தார். எந்த மெயில் எதற்குள் போகவேண்டும் என்று கடைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார். மிச்சம் மீதி இருப்பதைத் தன் கையால் பிரிப்பார். கடையில் கம்ப்யூட்டர், வெளியே போனால் கைப்பேசி, மேலே வீட்டில் டேப்லெட். இந்த வீட்டில் டேப்லெட் என்றால் மாத்திரையா மற்றதா என்று குழப்பம் வரும் என்பதால் அதற்குப் ‘பலகை’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

போன வருடம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. போன பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஆட்களை மறக்கவில்லை, எழுத்தை மறக்கவில்லை. எது முந்தி, எது பிந்தி, எது முடிந்தது, எது முடியவில்லை என்கிற வரிசை மட்டும் அவருக்குள் கலைந்துபோயிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு, “இன்னும் தட்டு வைக்கலையா?” என்பார். கடையிலிருந்து ஒரு வீல்சேரை மேலே கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அது வாடகைக்கு” என்றார்.

கடை பாப்பாவின் தலையில் விழுந்தது. கட்டிலைப் பிரிக்கவும் பூட்டவும் அவளுக்குத் தெரியும். மெயில்தான் எமனாக வந்து சேர்ந்தது. கைப்பேசியில் ஒரு வரிசை, கம்ப்யூட்டரில் ஒரு வரிசை. கைப்பேசியில் பார்த்ததைக் கம்ப்யூட்டரில் தேடினால் இருக்காது. கம்ப்யூட்டரை அணைத்திருந்தால் எல்லாம் ஒரே குப்பையாகக் கிடக்கும்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். முதலாளியின் தங்கை, தூரத்து ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் இதே மாதிரி சமாச்சாரங்களைப் பார்ப்பவள்.

“அண்ணன் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்தக் கடைக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அண்ணி தெரியும்” என்றாள் அவள். “அது முழிச்சிருந்தாதான் பிரிக்கும். நான் இங்கிருந்தே மெயில் வந்து இறங்கற இடத்துலயே அதைப் போட்டுடறேன். அப்புறம் எதுல திறந்தாலும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.”

போட்டாள். இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாப்பா டிரைவருக்கு டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினாள். மூன்றாம் நாள் மறுபடி மெயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒழுங்காகப் ‘போகணும்’ ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்தவை அவள் கண்முன்னாலேயே கிளம்பி வேறெங்கோ போயின.

தனக்கும் மூளையில் ஏதோ ஆகிறது என்றுதான் பாப்பா நினைத்தாள். இந்த வீட்டில் ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வராதா? யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு பெண்ணின் போன் வந்தது. கோபக் குரல் இல்லை, பதறின குரல்.

“ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நிக்குது. கட்டில் இன்னும் வரலை. எங்க அப்பாவை எங்கதாங்க படுக்க வைக்கறது?”

பாப்பா கம்ப்யூட்டரில் தேடினாள். அந்தப் பெண் எழுதிய மெயில் ‘போயாச்சு’ ஃபோல்டரில் இருந்தது. போகாத கட்டில், போய்விட்டதாக.

டிரைவரும் அவளும் ஒரு கட்டிலை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது பெரியவரைக் கூடத்து சோபாவில் படுக்க வைத்திருந்தார்கள். நெடுநெடுவென்று உயரமான மனிதர். சோபாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலை ஒரு ஸ்டூலில் தலையணை வைத்துத் தாங்கியிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பாப்பா திருகாணியைத் திருகினாள். அவசரத்தில் இரண்டு முறை நழுவியது. எல்லாம் முடிந்து பெரியவரைக் கட்டிலுக்கு மாற்றியதும் அந்தப் பெண், “தண்ணி குடிங்க, வியர்த்துக் கொட்டுது பாருங்க” என்று சொம்பை நீட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது பாப்பாவுக்கு.

வண்டியில் திரும்பும்போதே நாத்தனாரைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் கத்தினாள். “நீ போட்டதுதான் எல்லாத்தையும் கெடுத்துது!”

நாத்தனார் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “அண்ணி, நான் போட்டது அப்படியேதான் இருக்கு. பெட்டி ஒண்ணுதான், மூணு ஜன்னல் வழியா பார்க்கறோம். ஒரு ஜன்னல்ல யாராவது கையை விட்டு நகர்த்தினா மூணுலயும் நகரும்” என்றாள்.

“கம்ப்யூட்டர் என்கிட்ட இருக்கு. போன் என்கிட்ட இருக்கு. வேற யாரு கையை விடறது?”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது.

படியேறி மேலே போனாள். முதலாளி ஜன்னலோர மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். கசங்காத சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். கொஞ்ச நாளாக அவராகவே எழுந்து குளிப்பதும், ஒற்றைக் கையால் பொத்தான் போட்டுக்கொள்வதும் பயிற்சியால் வந்த முன்னேற்றம் என்று அவள் எண்ணியிருந்தாள். பலகையில் சீட்டு விளையாடுகிறார் என்றும் எண்ணியிருந்தாள். இடதுகை ஆள்காட்டி விரலால் அவர் ஒரு மெயிலை அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கி, மெதுவாக இழுத்துக்கொண்டு போய் ஒரு ஃபோல்டருக்குள் விட்டார். விட்டதும் மூச்சையும் விட்டார்.

“இன்னிக்கு ஜாஸ்தி பாப்பா” என்றார் நிமிர்ந்து பார்த்து. முகத்தில் வேலை பார்த்த களைப்பும் பெருமையும் சேர்ந்து இருந்தன. “நீ கீழே தனியா கஷ்டப்படறேன்னு நானே பிரிச்சு வைக்கறேன். பார்த்தியா?”

அவள் பலகையை எட்டிப் பார்த்தாள்.

“பார்த்தேங்க” என்றாள்.

“சரியா இருக்கா?”

“ம்.”

கீழே வந்து, கழுவி வைத்திருந்த கட்டில் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் எதுவும் கேட்காமல் வெளியே போய் நின்றார்.

நாத்தனாரிடம் சொன்னபோது அவள் முதலில் சொன்னது, “அதை மட்டும் பிடுங்கிடாதீங்க அண்ணி” என்பதுதான். “எத்தனை மாசம் சுவரைப் பார்த்துட்டு இருந்தாரு!”

“பிடுங்கலைன்னா இங்க ஒருத்தர் தரையில படுப்பாரு. உனக்கென்ன, அங்க உட்கார்ந்துட்டு சொல்லுவே.”

“கோவிச்சுக்காதீங்க. ஒரு வழி இருக்கு.”

கடைக்குப் புதிதாக இன்னொரு மெயில் முகவரி திறந்தாள் நாத்தனார். பழைய முகவரிக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும், வந்து இறங்கும்போதே ஒரு பிரதி புதியதற்குப் போய்விடும். புதியது கம்ப்யூட்டரிலும் பாப்பாவின் கைப்பேசியிலும் மட்டும். பழையது பலகையில். முதலாளி எதை எங்கே இழுத்துப் போட்டாலும் கடைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

அது வேலை செய்தது. அது வேலை செய்தது என்பதுதான் பாப்பாவை அரித்தது. கீழே எல்லாம் துல்லியமாக நடந்தது. மேலே அவர் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, பொழுது சாயும் வரை, யாரும் பார்க்காத பெட்டிக்குள் மெயில்களை இழுத்து இழுத்துப் போட்டார். சாப்பாடு கொண்டுபோனால், “இரு, இந்த ஒண்ணை முடிச்சுடறேன்” என்பார். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் அவர் கேட்டார். “பாப்பா, நீ யாருக்கும் பதில் போடறதில்லையா?”

அவள் பதில் போடுவது புதிய முகவரியிலிருந்து. அது பலகையில் தெரியாது.

“போன்லயே பேசிடறேங்க.”

“எழுத்துல போடணும். பாவம், காத்திருப்பாங்க.” அவர் முகம் கவலையில் சுருங்கியது. “வீட்ல ஆளை வெச்சுட்டுக் காத்திருக்கறது சும்மா இல்ல.”

இதை அவள் நாத்தனாரிடம் சொல்லியிருக்க வேண்டும். கட்டில் போட வேண்டிய வீடுகள் வரிசையாக இருந்ததில் விட்டுவிட்டாள்.

சில நாள் கழித்து சோபாவில் கிடந்த பெரியவரின் மகள் கடைக்கு வந்தாள். டிரைவர் வழக்கம்போல் நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கைப்பேசியைப் பாப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா முந்தாநாள் போய்விட்டார், கட்டிலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் அன்று காலையில் எழுதியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு பதில் வந்திருந்தது, கடையின் பழைய முகவரியிலிருந்து. ‘கட்டில் நாளை காலை கட்டாயம் வந்து சேரும். தாமதத்துக்கு மன்னிக்கவும். அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.’

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருப்பார். ஒரு பிழைகூட இல்லை.

“எங்க சித்தப்பா பார்த்துட்டு ரொம்பக் கோவப்பட்டாரு” என்றாள் அந்தப் பெண். “விளையாடறாங்களான்னு கேட்டாரு. எனக்கு அப்படித் தோணலை. அதான் நேர்ல கேட்கலாம்னு வந்தேன்.”

பாப்பா சொல்ல ஆரம்பித்தாள். பக்கவாதம், பலகை என்று பாதி சொன்னாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அப்பாவைப் பறிகொடுத்த பெண் எதிரில் நிற்க, தான் அழுவது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண்ணும் அழுதாள். பிறகு இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

“கட்டில்…” என்றாள் பாப்பா.

“நிதானமா வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நேரில் வந்து இறங்கினாள். பலகையிலிருந்து மெயில் போகாதபடி மட்டும் அடைத்துவிடலாமா என்று முதலில் யோசித்தார்கள். எழுதியது போகவில்லை என்று பலகை அவருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும், அவர் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருப்பார் என்றாள் நாத்தனார். அதைக் கற்பனை செய்து பார்க்கவே இருவராலும் முடியவில்லை.

சமையலறையில் நின்றுகொண்டு, யார் சொல்வது என்று ஆளாளுக்குத் தள்ளினார்கள்.

“நீ தங்கச்சி. நீ சொன்னா தாங்கிப்பாரு.”

“நீங்கதான் அண்ணி கூட இருக்கறவங்க. நான் சொல்லிட்டுப் போயிடுவேன்.”

கடைசியில் பாப்பாதான் சொன்னாள். அவர் எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். மெயில்கள் தப்பான ஃபோல்டருக்குப் போனது, பெரியவர் சோபாவில் கிடந்தது, புதிய முகவரி, கடைசியாக அந்தப் பதில். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடதுகை விரல் மட்டும் மேஜையின் மேல் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

“அந்தப் பெரியவர் போயிட்டாரா?” என்றார்.

“ஆமாங்க.”

“நான் நாளைக்கு வரும்னு எழுதினேன்.”

“ஆமாங்க.”

விரல் அசைவது நின்றது. பிறகு பலகையைத் தங்கை பக்கம் தள்ளினார். “எடுத்துடும்மா” என்றார்.

நாத்தனார் நாலைந்து முறை தொட்டாள். முடிந்துவிட்டது. திரையில் மெயில் இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாப்பாவின் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் என்ன பண்ணட்டும்?”

கிண்டலாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நாத்தனார் டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். பாப்பா கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அது தெரிந்ததோ இல்லையோ.

அடுத்த நாளிலிருந்து சட்டை கசங்கியே இருந்தது. தாடி வளர்ந்தது. பலகை மேஜையில் கிடந்து, சார்ஜ் இறங்கி, தானே அணைந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டிரைவரும் பாப்பாவுமாக அவரைக் கடைக்குக் கூட்டிவந்தார்கள். ஒரு பக்கம் டிரைவர், ஒரு பக்கம் பாப்பா. படிக்குப் படி நின்று நின்று இறங்கினார்கள். டிரைவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். “முதலாளி இல்லாம கடைக்குக் களையே இல்ல. பாப்பாம்மா என்னை எவ்வளவு வேலை வாங்கறாங்க தெரியுமா?” முதலாளி சிரித்தார், வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மெயில் வந்தது. யாரும் தொடாமல் அது தானாக ‘போகணும்’ ஃபோல்டருக்குள் போயிற்று. இன்னொன்று வந்தது. ‘திரும்பணும்’ ஃபோல்டருக்குள் போயிற்று. பாப்பா தன் கைப்பேசியையும் அவர் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே வரிசை.

“தானா போகுது” என்றார்.

“நீங்க போட்ட ஃபோல்டர்தானே எல்லாம்” என்றாள் பாப்பா.

அவர் கண் திரையிலேயே இருந்தது. இன்னும் இரண்டு மெயில் வந்து தம் இடம் பார்த்துப் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

“நல்லா போகுது” என்றார். பிறகு, “மேலே போலாமா?” என்றார்.

மறுநாள் கூப்பிட்டபோது வரவில்லை.

அதன் பிறகு பாப்பா ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். கீழே வேலைக்கு நடுவே மேலே போன் போட்டு எதையாவது கேட்பாள். காற்று மெத்தைப் பம்பின் மாற்றுக் குழாய் எந்த அலமாரியில்? பெரிய வீல்சேரின் பிரேக்குக்கு எந்த சைஸ் ஸ்பேனர்? சில நாள் அவர் யோசித்து மிகச் சரியாகச் சொல்வார்; “ரெண்டாவது அலமாரி, நீல டப்பா” என்று சொல்லும்போது குரலில் பழைய கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். சில நாள் “தெரியலையே பாப்பா” என்பார். அப்போது அவள், “பரவால்லங்க, தேடிக்கறேன்” என்று வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம், ஆக்ஸிஜன் மெஷினின் வடிகட்டியை எடுத்துத் தட்டிக்கொண்டே, புது வடிகட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

“உனக்குத் தெரியும்ல?” என்றார் அவர்.

பாப்பாவின் கையில் அந்தப் புது வடிகட்டி இருந்தது.

“தெரியும்” என்றாள்.

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கடை வாசலில் யாரோ வண்டியை நிறுத்தி, கட்டில் வாடகைக்குக் கிடைக்குமா என்று டிரைவரிடம் விசாரிப்பது கேட்டது.